கம்ப்ரசர் மெஷினில் வீட்டு ஐஸ்கிரீம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஒன்றரை லிட்டர் கம்ப்ரசர் ஐஸ்கிரீம் மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் கடைந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நாலு நாள் கழித்துப் போன் போடுவார்கள். மெஷின் வாங்கலாமா, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் கல்லாகிறது, கருப்பட்டி போட்டால் பால் திரிகிறதே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீமில் எது சரியில்லை என்றாலும் நான் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். எவ்வளவு தண்ணீர் இருந்தது, அது எவ்வளவு வேகமாக உறைந்தது என்ற இரண்டையும் கேட்டாலே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

கம்ப்ரசர் மெஷின் என்றால் என்ன? மற்ற மெஷின்களில் இருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் அதே கம்ப்ரசர், சின்ன அளவில் மெஷினுக்குள்ளேயே இருக்கும். நடுவில் ஒரு கிண்ணம், அதற்குள் சுழலும் துடுப்பு. கிண்ணத்தின் சுவர் குளிர்ந்து பால் அதில் மெல்லிய படலமாக உறையும். துடுப்பு அதைச் சுரண்டிச் சுரண்டி நடுவுக்குத் தள்ளும். நடக்கிற வேலை இவ்வளவுதான்.

விலை குறைந்த மெஷின்களில் கிண்ணத்தை 16 முதல் 24 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு முறை கடைந்ததும் குளிர் தீர்ந்துவிடும், அடுத்த முறைக்கு மறுநாள்தான். கம்ப்ரசரில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததை ஊற்றலாம்.

இன்னொரு வகை ஐஸும் உப்பும் போட்டுக் கையால் சுற்றும் மர வாளி. உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843இல் அந்தக் கைச்சுற்று வாளிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 1842இல், சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்த கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம். ஐஸுக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்டில் இன்று சமையல் மேடையிலேயே பாலை உறைய வைக்கிறோம். ஒவ்வொரு முறை மெஷினைப் போடும்போதும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

நிஞ்சா கிரீமி என்று ஒரு மெஷின் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதில் குளிரூட்டும் வேலையே கிடையாது. கலவையை டப்பாவில் ஊற்றி 24 மணி நேரம் ஃப்ரீசரில் பாறையாக உறைய வைத்து, பிறகு பிளேடால் சீவி மென்மையாக்கும். கொழுப்பும் சர்க்கரையும் குறைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்கு அது நன்றாக உதவும். கடைந்து எடுக்கும் பால் ஐஸ்கிரீமின் பதம் வேண்டுமென்றால் கம்ப்ரசர்தான்.

விலைக்குத் தகுந்த பலன் இருக்கிறதா?

ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கும் காசு ஆகும். மாதம் ஒரு தடவை கடைபவருக்கு அது தேவையில்லை, ஃப்ரீசரில் வைக்கும் கிண்ணமே போதும். வாரா வாரம் கடைபவர்கள், கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள், மாம்பழக் காலத்தில் ஒரே நாளில் மூன்று முறை கடைய நினைப்பவர்கள் வாங்கலாம். கரண்ட் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 150 வாட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் கால் யூனிட்கூட ஆகாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நம்முடைய வெயிலைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பல மெஷின்களில் பின்புறத் தகட்டில் ‘என்’ (N), ‘எஸ்டி’ (ST), ‘டி’ (T) என்று ஓர் ஆங்கில எழுத்துக் குறி இருக்கும். ‘என்’ என்றால் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு, ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை. மதுரையில் சித்திரை மாதம் சமையலறையில் ‘என்’ குறியுள்ள மெஷின் மூச்சு வாங்கும். அதே மெஷின் கொடைக்கானலில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

அடுத்தது கிண்ணம். கழற்றி எடுக்கும் கிண்ணமா, உள்ளேயே பதித்ததா? கழற்றுவதைக் கழுவுவது சுலபம். ஆனால் அந்தக் கிண்ணத்துக்கும் மெஷின் சுவருக்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளி குளிரைத் தடுக்கும். சில மெஷின்களின் கையேட்டில் அந்த இடைவெளியில் கெட்டியான உப்புக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் அது உறைந்து கிண்ணம் வெளியே வராது.

கொள்ளளவையும் கவனியுங்கள். ஒன்றரை லிட்டர் என்று போட்டிருந்தால் ஊற்றக்கூடிய பால் 900 மில்லியை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கடையும்போது காற்று ஏறி மேலே வரும்.

அமெரிக்காவில் இருந்து அண்ணன் கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். அங்கே விற்கும் குசினார்ட், விண்டர் போன்ற மெஷின்கள் 110–120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தவை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் மெதுவாகவும் சூடாகவும் ஓடும். பத்துக் கிலோவுக்கு மேல் எடை வேறு. சிங்கப்பூரில் இருந்தோ வளைகுடாவில் இருந்தோ வருவது என்றால் தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு நாள் பொறுங்கள். எனக்கு வந்த பெட்டியைப் படுக்கப் போட்டே கொண்டுவந்திருந்தார்கள். கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் அப்படிப் படுத்துக் கிடக்கும்போது குழாய்களுக்குள் ஏறிவிடும். நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் விட்டால் கீழே இறங்கிவிடும். உடனே போட்டால் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடித் தேயும். வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று கெஞ்சினார்கள், ஆனாலும் மறுநாள் மாலைதான் போட்டேன்.

சுவரை ஒட்டி வைக்காதீர்கள். காற்றுத் துளை இருக்கும் பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது கூடவே கூடாது.

அடிப்படைப் பக்குவம் ஒன்று சொல்லுங்கள்.

ஒன்றரை லிட்டர் மெஷினுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது:

நிறை கொழுப்புப் பால் 600 மில்லி
25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் கிரீம் 250 கிராம்
சர்க்கரை 140 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 25 கிராம்
உப்பு இரண்டு சிட்டிகை

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், எஸ்.என்.எஃப் 9 சதவீதம். பால் ஊற்றுகிறவர்களுக்கு எஸ்.என்.எஃப் தெரிந்த வார்த்தைதான், கொழுப்பு போக மிச்சமிருக்கும் புரதமும் பால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தது. அந்த 600 மில்லியை அடிகனமான பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். ஏடு கட்ட விடாதீர்கள். பால் பவுடரைச் சர்க்கரையோடு உலர்ந்தபடியே கலந்து தூவினால் கட்டி தட்டாது. அடுப்பை அணைத்த பிறகு கிரீமை ஊற்றுங்கள். வடிகட்டி, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி ஆற வைத்து, மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு விடுங்கள். வெனிலாவோ ஏலக்காயோ ஆறிய பின்தான்.

கணக்குப் போட்டால் இதில் கொழுப்பு பத்தரை சதவீதம் வரும், சர்க்கரை 15, எஸ்.என்.எஃப் 10. மொத்தத்தில் 36 சதவீதம் திடப்பொருள், மீதி தண்ணீர். பாலைச் சுண்ட வைப்பது வாசனைக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே 100 மில்லி தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறோம். அந்தத் தண்ணீர் உள்ளே இருந்திருந்தால் அவ்வளவும் ஐஸ் துகளாகத்தான் மாறியிருக்கும்.

இரவு முழுக்க ஏன் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்? ஆறியதும் ஊற்றினால் என்ன?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதையேதான்.

ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 30 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் அதே ஒரு கிராமை ஐஸாக்க இன்னும் 80 கலோரி. மேடையில் வைக்கும் மெஷினின் கம்ப்ரசர் சிறியது. அறைச் சூட்டில் இருக்கும் பாலை ஊற்றினால், உறைய வைக்க வேண்டிய சக்தியில் நல்ல பங்கு வெறுமனே குளிர வைப்பதிலேயே போய்விடும். அந்த நேரமெல்லாம் துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும், ஐஸ் துகள்கள் நிதானமாகப் பிறந்து நிதானமாகப் பெருக்கும். துகள் 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்குக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். 4 டிகிரியில் உள்ள பாலை ஊற்றினால் கிட்டத்தட்ட முழுச் சக்தியும் உறைவதற்கே போகும்.

இரண்டாவது காரணம் கொழுப்பு. சூடான பாலில் கொழுப்பு உருகிக் கிடக்கும். இரவில் அது மெதுவாக உறைந்து சின்னச் சின்ன மணிகளாகும். கடையும்போது அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே வரும் காற்றைப் பிடித்து நிறுத்தும். பால் புரதமும் பவுடரும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள அந்த நேரம் தேவை. காலையில் எடுத்துக் கரண்டியை விட்டுப் பாருங்கள், இரவில் பாலாக ஓடியது இப்போது கரண்டியின் முதுகில் பூசினாற்போல் நிற்கும்.

கடையும்போது என்னென்ன நடக்கும்? எப்போது நிறுத்துவது?

மெஷினைப் பத்து நிமிடம் வெறுமனே குளிர விடுங்கள். பிறகு துடுப்பைச் சுற்ற விட்டு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாலை ஊற்றுங்கள். முதலில் ஊற்றிவிட்டுச் சுற்றினால் சுவரில் உறைந்த படலம் துடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் பத்து நிமிடம் பால் பாலாகவே சுழலும். பதினைந்தாவது நிமிடம் நிறம் வெளுத்து நுரை தட்டும். இருபதை ஒட்டி மோர்ப் பதம், பிறகு கடைந்த தயிர்ப் பதம். அதற்கப்புறம் துடுப்பு போன தடம் ஒரு நொடி நின்று மறையும். கொஞ்ச நேரத்தில் மறையாமலே நிற்கும். இப்போது காதைக் கொடுங்கள். ஒரே சீராக ஓடிய மோட்டாரின் சத்தம் கனத்து, இட்லி மாவு பொங்கப் பொங்க அரைபடும்போது கிரைண்டர் தாழ்ந்து முனகுமே, அப்படி வரும். கலவை சுவரை விட்டு விலகி, துடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் திரளும். அதுதான் நேரம். பொதுவாக 30 முதல் 45 நிமிடம் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம்.

அப்போது அதன் சூடு பூஜ்யத்துக்குக் கீழே 5 அல்லது 6 டிகிரி. தண்ணீரில் பாதியளவுதான் உறைந்திருக்கும். அதனால் கையில் அள்ளினால் குழைவாகத்தான் இருக்கும். இன்னும் இறுகட்டும் என்று ஓட விட்டால் கொழுப்பு மணிகள் கூடி வெண்ணெய் திரண்டுவிடும். வாயில் மெழுகு மாதிரி அப்பும். கிரீமை அதிகம் ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

அப்படியே சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அந்தப் பதம் அலாதி. கெட்டியாக வேண்டுமென்றால் உடனே எடுத்து, ஏற்கெனவே ஃப்ரீசரில் குளிர வைத்த தட்டையான டப்பாவில் வழித்து, மேலே பட்டர் பேப்பர் ஒட்டி மூடி, ஃப்ரீசரின் அடியில் பின்புறமாக வையுங்கள். நான்கு மணி நேரம். உயரமான டப்பாவில் நடுப்பகுதி உறையவே நெடுநேரம் ஆகும்.

நடுவில் கரண்ட் போய்விட்டது. என்ன செய்வது?

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதைதான், எனக்கும் நடந்திருக்கிறது. மூடியைத் திறக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தில் வந்துவிட்டால், வந்ததும் துடுப்பை மட்டும் சுற்ற விட்டு, கம்ப்ரசரை ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். நின்ற உடனே மறுபடி போட்டால் உள்ளே அழுத்தம் சமன்படாமல் கம்ப்ரசர் திணறும். வரவே வராது என்று தெரிந்தால் மரக் கரண்டியால் வழித்து ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள், அரை மணிக்கு ஒரு தரம் கிளறுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் கரகரப்பாகத்தான் வரும், ஆனால் பால் வீணாகாது.

கல்லாக இறுகுகிறது. கிரீம் போதவில்லையா?

பெரும்பாலும் சர்க்கரை போதவில்லை. இனிப்புக்கு மட்டும் சர்க்கரை போடுவதாக நினைத்து, ‘எங்களுக்கு இனிப்பு ஆகாது’ என்று பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். கரைந்த சர்க்கரைதான் ஃப்ரீசரிலும் கொஞ்சம் தண்ணீரை உறைய விடாமல் பிடித்து வைக்கிறது. இனிப்பு கூடாமல் மென்மை வேண்டுமென்றால் சர்க்கரையில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு குளுக்கோஸ் பவுடர் போடுங்கள். அது சர்க்கரையைவிட இனிப்பு குறைவு, உறைநிலையை இறக்குவதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பானத்துக்கு விற்கும் சுவையூட்டிய பவுடர் வேண்டாம், வெறும் குளுக்கோஸ் போதும். ஸ்டீவியா போட்டால் இனிப்பு வரும், மென்மை வராது.

எடுத்த உடனே பரிமாறாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கால் மணி நேரம் வைத்தும் பாருங்கள். மைனஸ் 18இல் வீட்டு ஐஸ்கிரீம் பெரும்பாலும் கரண்டிக்கு மடங்காது.

நாக்கில் மணல் மாதிரி நெருநெருக்கிறதே?

இரண்டு நெருநெருப்பு உண்டு. வாயில் கரைந்துபோவது ஐஸ். கரையாமல் மாவு மாதிரி நிற்பது பால் சர்க்கரை, பால் பவுடரை அள்ளிக் கொட்டினால் வருவது. பவுடரைக் குறையுங்கள்.

ஐஸ் நெருநெருப்புக்கு நான் மேலே சொன்ன காரணங்களோடு ஃப்ரீசரும் ஒரு காரணம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிப் பனியை நீக்கும். அந்த நேரம் விளிம்பில் உருகும் தண்ணீர் மறுபடி உறையும்போது பெரிய துகளாகும். அதனால்தான் வீட்டு ஐஸ்கிரீமை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடச் சொல்கிறேன். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கொத்தவரை விதைக் கோந்து சர்க்கரையோடு கலந்து போட்டால் இதைத் தள்ளிப்போடலாம். அதற்கு மேல் போனால் கொழகொழப்பு.

கடை ஐஸ்கிரீம் மாதிரி பஞ்சாக வரவில்லையே?

வராது, வரவும் வேண்டாம். கடையில் காற்றை அடித்து ஏற்றுகிறார்கள். இந்திய விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும். நம் மெஷினில் கடைந்த ஒரு லிட்டரைத் தராசில் வைத்தால் 800 கிராமைத் தாண்டும். டப்பாவில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால் அதில் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். வெறும் ஐஸ்கிரீம் என்று போடுவதற்குப் பால் கொழுப்பே 10 சதவீதம் வேண்டும்.

கருப்பட்டி போட்டால் பால் திரிகிறது.

கொதிக்கும் பாலில் போட்டால் திரியத்தான் செய்யும், கருப்பட்டியில் புளிப்பு உண்டு. 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, நனைய மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டி, கம்பிப் பதத்துக்கு முன்னால் வரை காய்ச்சித் தனியே ஆற விடுங்கள். பாலும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு இரண்டையும் சேருங்கள். சுக்குப் பொடி அரைச் சிட்டிகை. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் வேறு வாசனையே தேவையில்லை.

பழங்கள்?

மாம்பழக் கூழை அப்படியே ஊற்றாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இமாம் பசந்தோ பங்கனப்பள்ளியோ, கூழாக்கி வடிகட்டி அடிப்பிடிக்காமல் மூன்றில் ஒரு பங்கு வற்ற விடுங்கள். ஆறிய பின் பாலில் சேருங்கள். பச்சை அன்னாசி கூடவே கூடாது, அதன் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். வேக வைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். சீதாப்பழத்தை மட்டும் சூடு காட்டாமல் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள்.

இளநீர் ஐஸ்கிரீமுக்கு வழுக்கையும் கெட்டித் தேங்காய்ப் பாலும் போதும். இளநீரை ஊற்றினால் தண்ணீரை ஊற்றியது மாதிரிதான். தேங்காய்க் கொழுப்பு ஃப்ரிட்ஜில் கட்டியாகிவிடும் என்பதால் கடைவதற்கு முன் மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள்.

பாதாம் பிசினைப் போட்டு ஜிகர்தண்டா ஐஸ்கிரீம் கடையலாமா?

மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தோன்றும் ஆசை. முயன்று பார்த்துவிட்டேன். ஊறிய பிசினில் இருப்பது முழுக்கத் தண்ணீர், ஃப்ரீசரில் ஒவ்வொரு துண்டும் கூழாங்கல்லாகிவிட்டது. பாசுந்திப் பதத்துக்குப் பாலைச் சுண்டி ஐஸ்கிரீமைக் கடைந்துகொள்ளுங்கள். பிசினும் நன்னாரி சர்பத்தும் டம்ளரின் அடியில் இருக்கட்டும்.

முட்டை சேர்க்கலாமா?

சேர்ப்பதானால் மஞ்சள் கரு நான்கு. பால் 82 டிகிரிக்கு வரும்வரை விடாமல் கிண்டுங்கள், 85ஐத் தாண்டினால் முட்டைப் பொரியல் மாதிரி திரியும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்.

எப்படிக் கழுவுவது?

பதித்த கிண்ணத்தில் கத்தி, இரும்புக் கரண்டி எதுவும் படக்கூடாது. சுவருக்குப் பின்னால் குளிரூட்டும் வாயுக் குழாய் ஓடுகிறது, பல மெஷின்களில் அது எரியக்கூடிய ஐசோபியூட்டேன். பனி முழுக்க உருகும்வரை விட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். துடுப்பின் அடிப் பொருத்தில் பால் தங்கிப் புளிக்கும், அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ் உதவும்.

டப்பா உருகிவிட்டது. மறுபடி கடையலாமா?

இன்னும் சில்லென்று இருந்தால், ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து மறுபடி மெஷினில் ஊற்றலாம், ருசி கெடாது. மேசையில் அறைச் சூட்டுக்கு வந்து மணிக்கணக்கில் கிடந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.